பள்ளி நாடகத்துக்குச் செட் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன், முன்பின் பழக்கமில்லை. எதில் தொடங்குவது?

காற்றில் தொடங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் நாடகம் என்றால் தப்பித்தீர்கள், பள்ளி மைதானத்தில் திறந்த மேடை என்றால் பெயிண்ட், பிரஷ் எல்லாம் அப்புறம்தான்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பார்க்கிறவன். மகள் ஐந்தாம் வகுப்பு. சுதந்திர தினத்துக்குத் தீரன் சின்னமலை நாடகம் போடுகிறோம், செட்டுக்கு யாராவது உதவ முடியுமா என்று பெற்றோர் கூட்டத்தில் மிஸ் கேட்டதும் எல்லோரும் செல்போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற மகள் என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். அட்டைப்பெட்டியோடுதானே தினமும் மாரடிக்கிறோம், இதென்ன பெரிய வேலை என்று எனக்கும் ஒரு தெம்பு.

இரண்டே காட்சிகள்தான். மைசூருக்குப் போகிற வரிப்பணத்தை மறித்துப் பறித்து, யார் பறித்தது என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்று தீர்த்தகிரி, அதுதான் சின்னமலையின் இயற்பெயர், சொன்னதாக நம் பக்கத்தில் கதை உண்டே, அது முதல் காட்சி. சின்னமலையின் ஓடாநிலைக் கோட்டை இரண்டாவது. ஆக எனக்கு ஒரு காடும் ஒரு கோட்டையும் வேண்டும்.

கோட்டையில்தான் மாட்டிக்கொண்டேன். 10 அடி அகலம், 8 அடி உயரம், பின்னால் மூங்கில் சட்டம், முன்னால் ஏழு பிளை, அதாவது ஏழு அடுக்குப் பெட்டி அட்டை. அட்டையை வெட்டும்போது உள்ளே ஓடுகிற வரி மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்ட வேண்டும், குறுக்கே வெட்டினால் இரண்டே நாளில் நடுவில் மடிந்துவிடும். இது தொழிலில் தெரிந்தது. தெரியாதது என்னவென்றால், முன்பக்கம் மட்டும் டிஸ்டெம்பர் அடித்துக் காயவைத்தால் அட்டை அப்பளம் மாதிரி வளைகிறது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துக் காய்ந்து இழுப்பதால் வருகிற வளைவு அது, பின்பக்கமும் ஒரு கோட் அடித்தால் ஓரளவு நேராகிவிடும். தெர்மாகோல் பக்கம் போவதாக இருந்தால் ஸ்ப்ரே பெயிண்டையும் செருப்புக்கு ஒட்டுகிற பசையையும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அவற்றில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலும் தண்ணீர் கலக்கிற பெயிண்டும் போதும். நான் அரை நாள் செதுக்கிய பாறை ஒன்று கண் முன்னால் குழிகுழியாக உருகிப் போனது, மகள் அதைச் சந்திரன் என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக அழகாக வரைந்தேன். மைதானத்தின் கடைசியில் போய் நின்று பார்த்தால் ஒரு கல்லும் தெரியவில்லை, மொத்தமும் ஒரே காவிப் பூச்சு. இரண்டு விரல் தடிமனில் கறுப்புக் கோடு இழுத்த பிறகுதான் சுவராகத் தெரிந்தது. அந்த இரண்டு இரவும் எனக்காகத்தான் வரைந்திருக்கிறேன்.

சரி, காற்றுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 15 என்றால் ஆடிக் கடைசி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் வருகிற காற்றை நம்பித்தான் பல்லடத்திலும் உடுமலையிலும் அத்தனை காற்றாலை நிற்கிறது, அது தெரிந்தும் நான் 80 சதுர அடியில் ஒரு கப்பல் பாய் கட்டி மைதானத்தில் நிறுத்தியிருக்கிறேன். 14ஆம் தேதி மாலை ஒத்திகை. ஒரு வீச்சுதான், கோட்டை அப்படியே குப்புற விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். ஓடாநிலைக் கோட்டையை வெள்ளைக்காரன் பீரங்கி வைத்துத் தகர்த்தான் என்பது நாடகத்திலேயே வருகிற செய்தி. மகள் ஓடி வந்து பார்த்துவிட்டு, "அப்பா, அவன் வர்றதுக்கு முந்தியே நீங்க இடிச்சுப்போட்டீங்களே" என்றாள். மிஸ் நயமாக, "சார், வேணும்னா ஒரு பிளெக்ஸ் அடிச்சுக் கட்டிக்கலாமுங்க" என்றார்கள். பிளெக்ஸ் சுலபம்தான், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் அதிலும் காற்று அடிக்கும். தவிர, கோட்டைக்குள்ளிருந்து யாரும் வெளியே நடந்து வர முடியாது.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று அந்த அளவுச் சுவரில் நேராக மோதினால் 30 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது, வேகம் இரண்டு பங்கானால் தள்ளுவது நான்கு பங்காகிறது. என் கோட்டையின் மொத்த எடையே 12 கிலோ இருந்தால் அதிகம். ஆகவே உயரத்தை 6 அடியாகக் குறைத்தேன், நாலேகால் அடிப் பிள்ளைகளுக்கு அதுவே கோட்டைதான். சுவரை மூன்று துண்டாக்கி நடுவில் சந்து விட்டேன், அம்பு எய்கிற துவாரம் என்று சொல்லிக் கண்ட இடமெல்லாம் ஓட்டை போட்டேன். பின்னால் முக்கோணமாக மூங்கில் முட்டு, ஒவ்வொரு முட்டின் காலிலும் 25 கிலோ மணல் சாக்கு. வாசலை மட்டும் உயர்த்தி வெட்டினேன், ஒத்திகையில் தலைப்பாகையும் வேல்கம்பும் மாட்டி இரண்டு வீரர்கள் வாசலிலேயே சிக்கிக்கொண்டார்கள். உங்கள் செட்டில் யார் எந்தப் பக்கம் நுழைகிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று முதலிலேயே மிஸ்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டு வேலை எளிது என்று நினைத்திருந்தேன். காலி நூல் கோன்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டே போனால் வளையம் வளையமாக அசல் பாக்கு மரம் மாதிரியே வருகிறது. நான்கு மரம் செய்து வாசலில் நிறுத்தி வைத்திருந்தபோது காங்கேயத்திலிருந்து மாமனார் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ள, நம்ம காட்டுல பாக்கு மரத்த எங்கீங்க பார்த்தீங்க?" என்றார். ஞாயம்தான். சிவன்மலைப் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலா மரமும் சுற்றிக் கிளுவை வேலியும்தான் அங்கே. அடுத்த நடையில் நிஜக் கிளுவைக் குச்சியே ஒரு கட்டு கொண்டுவந்துவிட்டார், முள் இருக்குதுங்க, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம் என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினேன், கொஞ்சம் வருத்தம் அவருக்கு.

ஆனால் வெள்வேலா மரம் செய்தோம். குடை மாதிரி விரிகிற மரம், அட்டையில் வெட்டுவது சுலபம். இலைக்குத்தான் யோசனை. கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் பச்சை சிங்கிள் ஜெர்சி, பனியன் துணிதான், கிடந்தது, அதை விரல் அகலத்துக்குக் குறுக்கே வெட்டி ஒரு இழுப்பு இழுத்தால் இரண்டு ஓரமும் தானாகச் சுருண்டு நாடா மாதிரி ஆகிவிடும். மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் இழுத்துப் போட்டார்கள், யார் இழுத்தது நீளம் என்று ஒரே சண்டை. அதையெல்லாம் கொத்துக் கொத்தாக மூங்கில் கிளையில் கட்டினோம். இந்த வேலையைப் பெரியவர்கள் தொடாதீர்கள், பிள்ளைகள் கட்டினால்தான் ஒழுங்கில்லாமல் மரம் போல வரும்.

15ஆம் தேதி கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, நாடகம் தொடங்க மணி பத்தாகிவிட்டது. காற்றும் சரியாக வந்து சேர்ந்தது. நான் மேடைக்குப் பின்னால் முட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்திருந்தேன், ஆகவே நாடகத்தை நான் பார்க்கவே இல்லை, வசனம் மட்டும்தான் கேட்டது. ஓட்டை வழியாகக் காற்று புகுந்து போகிறது, சுவர் லேசாக நடுங்குகிறது, விழவில்லை. முன்னால் அந்த வெள்வேலா மரம் மட்டும் ஆயிரம் நாடாவும் ஒரே திசையில் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. பிறகு செல்போன் வீடியோவில்தான் பார்த்தேன், வரிப்பணத்தை மறிக்கிற பையன் பேசும்போது பின்னால் மரம் நிஜமாகவே ஆடுகிறது.

முடிந்ததும் மாமனார் முன் வரிசையிலிருந்து எழுந்து வந்தார். "மரம் நல்லாருந்துச்சுங் மாப்ள" என்றார். கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கட்டியிருந்த மூங்கிலை மட்டும், அவரைப் பந்தலுக்கு ஆகும் என்று மறுநாளே அவிழ்த்துக்கொண்டு போனார்.