ராணுவத்தில் நிர்வாகப் பணி எப்படி இருக்கும்?

நிர்வாகப் பணி என்றால் நாள் முழுக்க நாற்காலியில்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சீருடையில் சேர்ந்தால் நீங்கள் முதலில் சிப்பாய், அப்புறம்தான் எழுத்தர். அடிப்படைப் பயிற்சி, துப்பாக்கி சுடுதல், உடல்தகுதித் தேர்வு எல்லாம் உண்டு. முறைவைத்துக் காவல் பணியும் வரும்.

மேசையில் விடுப்பு, சம்பளம், இடமாற்ற உத்தரவு, பணிப்பதிவேடு என்று ஓடும். சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வீரரின் படிவத்தில் வாரிசுதாரர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், அவர் இறந்துபோனால் அவருடைய மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். அதனால் இன்னொரு முறை சரிபார்க்கும் பொறுமையைத்தான் இங்கே பெரிய திறமை என்பேன்.

படைப்பிரிவு களத்துக்குப் போனால், கூடாரத்தில் மடிக்கணினியோடு நீங்களும் இருக்க நேரலாம். மேலதிகாரிகள் வந்து பார்வையிடும் ஆய்வு நெருங்கினால் வேலை இரவுக்கும் நீளும்.

சீருடை இல்லாத சிவிலியன் பணியிடங்களும் உண்டு. அவற்றில் போர்ப்பயிற்சி பொதுவாக இருக்காது.