கிறித்தவத்தில் ஒரு சபைக்கு (ஓர் ஊரின் கிறித்தவர் குழுவுக்கு) ஓர் ஆயர் (பிஷப்) என்ற முறை தொடக்கம் முதலே இருந்ததா?

இல்லை என்றே கருதுகிறேன். அது முதல் இரண்டு நூற்றாண்டுகளில், ஊருக்கு ஊர் வெவ்வேறு வேகத்தில் உருவானது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடல், அந்த ஒரே ஊரின் ஆயர்களையும் திருத்தொண்டர்களையும் (உதவிப் பணியாளர்களையும்) பன்மையில்தான் வாழ்த்துகிறது.

கிரேக்க நகரான கொரிந்தின் சபையில் எழுந்த பிணக்கே இதில் எனக்கு மிக முக்கியமான சான்றாகப் படுகிறது. அங்கே சில மூப்பர்கள் (சபையை வழிநடத்திய பெரியவர்கள்) பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டபோது, ஏறத்தாழ கி.பி. 96-இல் உரோமைச் சபை அனுப்பிய மடல் (அச்சபைத் தலைவர்களுள் ஒருவரான கிளமெந்தின் பெயரால் வழங்குவது), இயேசுவின் திருத்தூதர்களே ஆயர்களை ஏற்படுத்தி, அவர்களுக்குப் பின் தகுதியுள்ள பிறர் அப்பணியைத் தொடரவும் வகைசெய்தனர் என்றும், எனவே குற்றமின்றிப் பணியாற்றியோரை நீக்குவது தவறு என்றும் வாதிடுகிறது. அதிகாரத்தை வழிமரபின்மேல் நிறுத்தும் இந்த வாதம் பின்னாளில் பெரும் வலுப்பெற்றது. ஆயினும் அதே மடலில் ஆயரும் மூப்பரும் தனித்தனி நிலையினராகத் தெரியவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா நகரின் ஆயர் இஞ்ஞாசியார், ஆயரோ அவர் அனுமதித்தவரோ நடத்தும் நற்கருணையே (அப்பமும் இரசமும் பகிரும் வழிபாடே) செல்லும் என்று சிமிர்னா சபைக்கு எழுதினார். இதை அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்துவதிலிருந்தே, அம்முறையை எல்லோரும் அப்போது ஏற்றிருக்கவில்லை என்று தோன்றுகிறது. உரோமையருக்கு எழுதிய மடலிலோ அந்நகரின் ஆயர் எவரையும் அவர் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ 180-இல், மறைவான ஞானத்தாலேயே மீட்பு என்ற நாஸ்டிக் குழுவினரை மறுத்த லியோன் நகர ஆயர் இரனேயு, திருத்தூதர் காலம் தொட்டு உரோமையில் பொறுப்பேற்ற ஆயர்களின் பெயர்வரிசையையே சான்றாக முன்வைத்தார்.