மனசு சொல்வதை எவ்வளவு நம்பலாம்? – கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வருவது நியாயமான கவலையா, வீண் நினைப்பா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: சொற்களைக் கவனியுங்கள். ‘எப்பவுமே’, ‘யாருமே’, ‘எதுக்குமே’ வந்தால் சந்தேகப்படலாம். “இந்த மாதம் இரண்டு முறை தாமதமாகப் போனேன்” என்பது தகவல்; அதை வைத்து அலாரத்தை மாற்றலாம். “நான் எதுக்குமே லாயக்கில்லை” என்பது தீர்ப்பு. அதை வைத்துப் போர்த்திக்கொண்டு படுக்கத்தான் முடியும்.

கேள்வி: தோழி மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாவிட்டால், என்மேல் கோபம் என்றே தோன்றுகிறது. அன்றைய பொழுது போச்சு.

பதில்: அடுத்தவர் மனசுக்குள் இருப்பது தெரிந்த மாதிரி முடிவுகட்டும் பழக்கம் இது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறையில் இதற்கு ஒரு எழுத்துப் பயிற்சி உண்டு. நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்.

நடந்தது: கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும். “10 மணிக்கு அனுப்பினேன், பார்த்தாள், 3 மணி வரை பதில் இல்லை.” உணர்ச்சி: பெயரும் அளவும், 100-க்கு எவ்வளவு என்று. எண்ணம்: மனசில் ஓடிய வாக்கியம், மெருகேற்றாமல். அடுத்து, அதற்கு ஆதரவான சான்று. கடைசியில், எதிரான சான்று. பிறகு உணர்ச்சிக்கு மறுபடி மார்க் போடுங்கள். 80 என்பது 50 ஆனாலே போதும், பூஜ்யத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பலரும் சறுக்குவது எண்ணம் என்ற கட்டத்தில்தான். “கஷ்டமா இருந்தது” என்று எழுதுவார்கள், அது உணர்ச்சி. “ஏன் பதில் போடலை?” என்று எழுதுவார்கள், கேள்விக்குச் சான்று தேட முடியாது. “என்னை ஒதுக்குறா” என்று வாக்கியமாக்கினால்தான் சோதிக்க முடியும். இன்னொன்று, சூடு ஆறுவதற்குள் எழுதுங்கள். இரவுவரை தள்ளிப்போட்டால் அசல் வாக்கியம் மறந்துவிடும்.

கேள்வி: கெட்ட நினைப்பு வந்தால் உடனே விரட்டிவிட வேண்டும் என்கிறார்களே?

பதில்: விரட்டினால் கூடுதலாக வரும். 1987-இல் உளவியல் ஆய்வாளர் டேனியல் வெக்னரின் குழு, வெள்ளைக் கரடியை 5 நிமிடம் நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொன்னது, அவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்றதும், தொடக்கத்திலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அவர்களுக்கு அதிகமாகக் கரடி வந்தது. ‘எல்லாம் நல்லதுக்கே’ என்று மேலே பூசுவதும் எனக்கு உடன்பாடில்லை. நம்பாத வாக்கியம் மனசில் ஒட்டாது.

கேள்வி: இரவு படுத்தால்தான் எல்லாக் கவலையும் வரிசை கட்டுகிறது.

பதில்: பகலில் ‘கவலை நேரம்’ ஒன்று வையுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, 30 நிமிடம். படுக்கைக்கு ரொம்பப் பக்கத்தில் வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை எட்டிப் பார்த்தால் ஒரு வரி குறித்துவிட்டு, கைவேலைக்குத் திரும்புங்கள். குறித்த நேரத்தில் எடுத்துப் பார்த்தால் பாதி சப்பென்று இருக்கும். மீதியில் நம் கையில் உள்ளதற்கு மட்டும் அடுத்த ஒரு வேலையை எழுதுங்கள். ஒரு வாரத்தில் கைவிடாதீர்கள். நான்கு வாரமாவது செய்து பாருங்கள்.

கேள்வி: என் கணவருக்கு இந்தப் பழக்கம் எல்லாமே இருக்கிறது. எடுத்துச் சொல்லவா?

பதில்: சண்டைக்கு நடுவில் சொல்லாதீர்கள். பழக்கத்தின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகிவிடும்.

கேள்வி: டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

பதில்: அனேகமாகத் தினமும் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கமோ பசியோ கெடுவது என்று இரண்டு வாரம் நீடித்தால் போங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் நோட்டை மூடிவிட்டு, அன்றே ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.