வாயில் கை வைக்காதீர்கள்: ஆர்கன் குழாய் கேள்வி பதில்

குழாய்களில் காற்றைச் செலுத்தி இசைக்கும் தேவாலய ஆர்கன்களைப் பழுது பார்ப்பதும் சுருதி சேர்ப்பதும் என் தொழில். பெங்களூருத் தமிழ் நண்பர்கள் கேட்டு அனுப்பியவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஃப்ரேசர் டவுன் வாசகர்: குழாய்க்கான தகட்டைக் கடையில் வாங்குவார்களா?

நல்ல பட்டறையில் தாங்களே வார்ப்பார்கள். வெள்ளீயத்தையும் காரீயத்தையும் சேர்த்து உருக்கி, நீண்ட மேசையின் ஒரு முனையில் நிற்கும் மரப்பெட்டிக்குள் ஊற்றுவார்கள். உலோகம் ஆறிக் கூழ் பதத்துக்கு வருகிற கணத்தில், பெட்டியை மறுமுனை வரை நிற்காமல் தள்ளிக்கொண்டு போகவேண்டும். பின்னாலேயே தகடு படிந்துகொண்டு வரும். கணம் தப்பினால் மறுபடி கொப்பரைக்குத்தான். வெள்ளீயம் ஏறக்குறையப் பாதி இருந்தால், ஆறும்போது தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூக்கும்.

பிறகு தகட்டை இழைத்து, மேல்முனைப் பக்கம் மெலிதாக்குவார்கள். மேலே கனம் கூடினால் நாளடைவில் குழாயின் பாதம் நசுங்கி உட்கார்ந்துவிடும். ஓரங்களில் சுண்ணப்பொடி கலந்த பசையைப் பூசி, காய்ந்தபின் விளிம்பை மட்டும் சீவி, உருளையில் சுற்றிப் பற்றவைப்பார்கள். பசை உள்ள இடத்தில் பற்று ஒட்டாது. பற்றவைக்கும் சூட்டுக்கம்பி அரை விநாடி தாமதித்தால் குழாயே உருகி ஓட்டை விழும்.

அல்சூர் வாசகி: ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் இதே உலோகமா?

இல்லை அம்மா. சொம்பு வெள்ளீயம், அதுவும் நல்ல கடையில் வாங்கினால்தான். வெறும் சொம்பை அடுப்பில் மறந்தவர்களுக்கு அது 232 டிகிரியில் உருகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆர்கன் குழாயில் காரீயம் இருக்கிறது. பழைய குழாய்த் துண்டு கிடைத்தால் அடுக்களைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

காக்ஸ் டவுன்: எங்கள் ஆலயக் குழாய்கள் மங்கிவிட்டன. புளி போட்டுத் துலக்கலாமா?

கூடாது. அமிலம் காரீயத்துக்கு ஆகாது. குழாயின் முன்பக்கம் பாதத்துக்கு மேலே வெட்டிய திறப்புதான் வாய்; அதில் கை படவே கூடாது. கீழுதட்டுக்கும் குறுக்குத் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய பிளவு வழியாக வரும் காற்று மேலுதட்டில் மோதித்தான் ஒலி பிறக்கிறது. அந்த உதட்டை ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டினாலும் ஒலி மழுங்கும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

கோரமங்கலா நண்பர்: வெள்ளீயம் கூடினால் ஒலி பிரகாசமாகும் என்கிறார்களே?

பழைய நம்பிக்கை. 1909இல் இயற்பியலாளர் டேட்டன் மில்லர் உலோகம் ஒலியை மாற்றும் என்று எழுதினார். 1966இல் பேக்கஸ், ஹண்ட்லி என்ற ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, குழாய்ச் சுவரின் அதிர்வு ஒலியைப் பாதிப்பது பொருட்படுத்தத் தக்கதல்ல என்றார்கள். நான் அவர்கள் பக்கம்.

அவரே மீண்டும்: என் காது கேட்பதை ஆய்வகம் மறுக்குமா?

உங்கள் காது சரி, காரணம்தான் தவறு. வெள்ளீயம் மிகுந்த தகடு விறைப்பானது. அதை மெலிதாக இழைக்கலாம், உதட்டைக் கூர்மையாக வெட்டலாம். ஒல்லியான, கூர்மையான ஒலி வேண்டிய குழாய்களுக்கு அதையே எடுப்பார்கள். அகலமான, மெத்தென்ற ஒலி வேண்டியவற்றுக்குக் காரீயம் மிகுந்த தகடு போதும். வேறுபாட்டை உண்டாக்குவது அளவும் வாயும்.

பக்கத்தில் இருந்து இன்னொருவர்: அப்படியானால் மரக்குழாய் ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது?

சதுர வடிவம், தடித்த உதடு, வேறு வாய். ஒரே அளவில், ஒரே வாயோடு இரண்டையும் செய்து, கண்ணை மூடிக் கேளுங்கள். மூன்று பேர் இதையே வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறீர்கள், இதோடு விட்டுவிடுகிறேன்.

ஜெயநகர்: ஏப்ரலில் ஆர்கன் சுருதி ஏறுகிறதே?

வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடி, சாதாரணக் குழாய் ஏறக்குறைய 3 சென்ட் ஏறும்; 100 சென்ட் ஓர் அரைச் சுரம். உள்ளே அதிரும் நாக்கால் ஒலிக்கிற நாக்குக் குழாய் அவ்வளவாக நகராது. ஆகவே நாக்குக் குழாயைத்தான் மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். மற்றவற்றைத் தொடாதீர்கள்.

நாதஸ்வரச் சீவாளி மாதிரியா அந்த நாக்கு?

இல்லை. சீவாளி இரட்டை நாக்கு. இது பித்தளை ஒற்றை நாக்கு.

மல்லேஸ்வரம்: மூங்கிலில் செய்ய முடியுமா?

செய்தே இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் லாஸ் பின்யாஸ் ஆலயத்தில் 1824இல் முடித்த ஆர்கனில் 1,031 குழாய்கள், அவற்றில் 902 மூங்கில். பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலை மணலில் புதைத்து வைத்தார்கள்.

திப்பு சுல்தானின் மரப்புலிப் பொம்மைக்குள் ஆர்கன் உண்டாமே?

உண்டு, 18 சுரங்களுக்கு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பறிபோனது. இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில்.

ஈரத் துணியால் துடைக்கலாமா?

காக்ஸ் டவுன் பதிலைப் படியுங்கள்.

மின்னணு ஆர்கன் எது வாங்கலாம்?

என் துறை அல்ல. கடைக்காரரைக் கேளுங்கள்.

கல்லூரித் தம்பி ஒருவர்: இதைப் படிக்க எங்கே போவது?

ஜெர்மனியில் லுட்விக்ஸ்பர்க். மூன்றரை ஆண்டுப் பயிற்சி. பட்டறை வேலையும் பள்ளியும் சேர்ந்தே நடக்கும். ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்குங்கள் தம்பி. கூடவே ஒரு நல்ல பாத்திரக்காரரிடம் பற்றவைக்கப் பழகுங்கள்.