கிளஸ்டரில் கணக்கு ஓட்டுவோர் கேட்டவை

கிளஸ்டர் என்பது பல கணினிகளின் தொகுப்பு; அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். அங்கே ஜாப்களை வரிசையில் வைத்து ஓட்டும் மென்பொருள் ஸ்லர்ம். அந்த வரிசையில் மேட்லேப் (கணக்கு மென்பொருள்), நம்பை (பைத்தானின் எண்கணக்கு நூலகம்) ஓட்டும் பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்.

ஆய்வு மாணவி, மல்லேஸ்வரம்: நோடில் 48 கோர் இருக்கிறது, நான் 4 கேட்டேன் சார். பைத்தான் நிரல் என் லேப்டாப்பைவிட மெதுவாகப் போகிறதே?

வேலையைப் பல பிராசஸ்களுக்குப் பிரித்துத் தரும் 'மல்டிபிராசஸிங் பூல்', அதை எண் தராமல் போட்டிருப்பீர்கள். பைத்தான் 3.12 வரை அது நோடின் மொத்தக் கோர்களையும் எண்ணி 48 பிராசஸைக் கிளப்பிவிடும். ஒவ்வொன்றிலும் நம்பைக்குள் இருக்கும் ஓப்பன்பிளாஸ் (அணிக் கணக்கு நூலகம்) 4 த்ரெட் திறந்தால் மொத்தம் 192 த்ரெட். அத்தனையும் உங்கள் 4 கோரில் முட்டி மோதும். நீங்கள் கேட்ட கோர் எண்ணிக்கையைச் சொல்லும் 'ஸ்லர்ம்_சிபியூஸ்_பெர்_டாஸ்க்' மதிப்பையே பூலுக்குக் கொடுங்கள். ஜாப் ஸ்கிரிப்டில் த்ரெட் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் 'ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ்' 1 என்று எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பைத்தானுக்குள்ளேயே வைப்பதானால் நம்பையை இம்போர்ட் செய்யும் வரிக்கு முன்னால் வையுங்கள்; பின்னால் வைத்தால் பலிக்காது.

யஷ்வந்த்பூர் வாசகர்: அர்ரே ஜாப்பாக (ஒரே ஸ்கிரிப்டைப் பல எண்களிட்டு ஓட்டுவது) 200 மான்டி கார்லோ ஓட்டம், அதாவது தற்செயல் எண்களை வைத்துச் செய்யும் கணக்கு. மேட்லேப் 200-லும் ஒரே விடை தருகிறது!

தற்செயல் எண் வரிசை எங்கே தொடங்கும் என்று தீர்மானிப்பது விதை எண். மேட்லேப் எப்போது திறந்தாலும் ஒரே விதை எண்ணில்தான் தொடங்கும். 200 முறை ஓடியும் கையில் இருப்பது ஒரே ஓட்டம்தான்; அந்தச் சராசரியை ஆய்வேட்டில் போட்டுவிடாதீர்கள். 'ஷஃபிள்' கடிகாரத்தைப் பார்த்து விதை எடுப்பதால், சேர்ந்து தொடங்கும் ஜாப்களுக்கு ஒரே விதை விழலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உள்ள அர்ரே டாஸ்க் எண்ணையே, விதை வைக்கும் 'ஆர்என்ஜி' கட்டளைக்குக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் 137-வது ஓட்டத்தை மட்டும் அப்படியே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். விடைக் கோப்பின் பெயரிலும் அந்த எண் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும். மேட்லேப் லைசென்ஸ் எல்லோருக்கும் பொது, 200 ஜாப்பும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அர்ரே வரம்புக்குப் பின் '%20' சேர்த்தால் ஒரு சமயத்தில் 20 ஜாப்தான் ஓடும்.

அதே வாசகர்: பிழை வந்த பிறகும் ஜாப் முடியாமல் நேர வரம்பு வரை நிற்கிறதே?

மேட்லேப்பைத் திறக்கும் கட்டளையில் 'மைனஸ் ஆர்' போட்டு, கடைசியில் 'எக்ஸிட்' எழுதும் பழைய முறை அது. நடுவில் பிழை வந்தால் அந்த 'எக்ஸிட்' வரை போகாது. 2019ஏ பதிப்பு முதல் அதற்குப் பதில் 'மைனஸ் பேட்ச்' இருக்கிறது. பிழை வந்ததும் வெளியேறிவிடும்.

பொறியாளர், அல்சூர்: மேட்லேப்பில் 50,000 × 50,000 அணி வைத்துச் சமன்பாடு தீர்க்கிறேன். 24 ஜிபி நினைவகம் கேட்டும் ஜாப் 137 என்ற எண்ணோடு செத்துப்போகிறது.

137 என்பது 128 கூட்டல் 9; 9 என்பது கில் சிக்னல், ஜாப்பை வலுக்கட்டாயமாக நிறுத்தும் சமிக்ஞை. இங்கே நினைவகம் மீறியிருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் டபுள் வகை, அதற்கு 8 பைட் என்றால் அணி மட்டுமே 20 ஜிபி. சமன்பாட்டைத் தீர்க்க அணியை இரண்டு முக்கோண அணிகளாகப் பிரிக்கும் எல்யூ பிரிப்புக்கு இன்னொரு நகல், இன்னொரு 20. நேர்மாறு அணி எடுக்கும் 'இன்வ்' வேண்டாம் தம்பி, பின்சாய்கோட்டுக் குறியால் (\) தீருங்கள். 48 ஜிபி கேளுங்கள். ஓடி முடிந்ததும் ஸ்லர்மின் 'எஸ்அக்ட்' கட்டளையில் 'மேக்ஸ்ஆர்எஸ்எஸ்' (ஜாப் தொட்ட உச்ச நினைவகம்) பார்த்து, அடுத்த முறை அதற்குச் சற்று மேலே கேட்டால் போதும்.