சாமி கும்பிடாத பிள்ளை

கேள்வி: பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். எனக்கும் மனைவிக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. நாலாவது படிக்கும் எங்கள் மகள் காலைப் பிரார்த்தனையில் கைகூப்பவில்லை என்று வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம் அது. "கடலுக்குப் போறவன் வீட்டுல இப்படியா?" என்று என் அம்மாவும் அழுகிறார். மத சுதந்திரம் என்கிறார்களே, மதமே வேண்டாம் என்பவனுக்கு அதில் ஏதாவது உண்டா அம்மா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உண்டு தம்பி. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். முதலில் வருவது மனசாட்சிச் சுதந்திரம். மதத்தைப் பின்பற்றுவதும் பரப்புவதும் அதற்கு அடுத்துத்தான். கும்பிட மாட்டேன் என்பதும் மனசாட்சிதான்.

மகள் விஷயத்தில் 28-ஆவது பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் யாரையும் வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. சிறு பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். கேரளத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், ஆழ்ந்த பக்தி உள்ளவர்கள். அவர்களைக் காப்பாற்றிய அதே 25-ஆவது பிரிவு உங்கள் மகளுக்கும் உரியது.

இதை எழுதும் நான் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள். என் வீட்டுக்காரருக்குத் தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக் கடலில் இறங்கித்தான் காரியம் செய்தோம். முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாரம்மாவாகவும் இருந்தேன். மண்டபம் பக்கம் வேலை பார்த்தபோது ஐந்தாவது படித்த ஒரு பையன் பிரார்த்தனையில் வாயைத் திறக்காமல் நின்றான். நான் போய் அவன் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து அழுத்தினேன். விரல்கள் விறைத்துக்கொண்டன. நகத்தோரம் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. விடியற்காலையில் அப்பாவோடு வலை தட்டிவிட்டு வந்திருப்பான். அவன் அழவில்லை, என்னையே பார்த்தான். நான் கையை எடுத்ததும் அவன் கையும் பிரிந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன், இதை விட்டுவிடாதீர்கள். "என் மகள் வழிபாட்டில் கலந்துகொள்ள எனக்குச் சம்மதம் இல்லை" என்று ஒரு தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள்.

உங்கள் அம்மா சங்கதி வேறு. காற்று திரும்பினால் அவருக்கு வயிறு கலங்கும். அவர் சாமியைக் கூப்பிடுவது உங்களுக்காக. படகு கிளம்பும்போது அவர் சூடம் காட்டினால் காட்டட்டும். அவருடைய மனசாட்சியும் அந்த 25-ஆவது பிரிவில்தான் இருக்கிறது. பேத்தி நெற்றியில் மட்டும், அவளைக் கேட்காமல் திருநீறு பூச வேண்டாம் என்று பதமாகச் சொல்லுங்கள்.

ஒன்று. அந்தக் கடிதத்தை மகளிடம் கொடுத்தனுப்பாதீர்கள். ஒருநாள் கடலுக்குப் போகாமல், நீங்களும் உங்கள் மனைவியும் நேரில் போய்க் கொடுங்கள்.