ஷெரிஃபின் கையும் பையனின் கருவியும்

ஐயா, வணக்கம்.

விடுமுறையில் என் எட்டு வயது மகனோடு உட்கார்ந்து 'தி ஷெரிஃப் அண்ட் தி சாட்டிலைட் கிட்' என்ற பழைய இத்தாலியப் படத்தைப் பார்த்தேன். பட் ஸ்பென்சர் நடித்தது, 1979இல் வந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பையன், அவனைக் கூட்டிக்கொண்டு அலையும் மலை போன்ற ஒரு ஷெரிஃப், நடுநடுவே ஒரே அடிதடி. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இவ்வளவு அடிதடியைக் குழந்தைக்குக் காட்டலாமா? என் அண்ணனோ, "ஸ்பீல்பெர்க் படம் ஓடியதும் அவசரமாக எடுத்த மூன்றாந்தரப் படம் அது, வாயசைவும் குரலும்கூட ஒட்டவில்லை, அதற்குப் போய் இவ்வளவு யோசனையா" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர., கோவை

அன்புள்ள ர.,

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பீல்பெர்க்கின் 'க்ளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' 1977இல் வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' வந்ததும் அதே ஆண்டுதான். ரோமில் அன்றைக்குப் படம் எடுத்த முறையே, ஒரு வகைப் படம் ஓடினால் எல்லாரும் அதே வகையில் இறங்கிவிடுவது. புராண வீரர்களின் படங்கள், கௌபாய் படங்கள், போலீஸ் படங்கள் எல்லாமே அப்படி அலை அலையாக வந்தவை. விண்வெளி அலையில் 'ஸ்டார்கிராஷ்', 'தி ஹ்யூமனாய்ட்' போன்றவை வந்தன. மிக்கேலே லூப்போ இயக்கிய இந்தப் படமும் அந்த அலையில் வந்ததுதான். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஸ்பீல்பெர்க் படத்தில் வாசல் கதவைத் திறந்து, வெளியே கொட்டும் ஆரஞ்சு ஒளியைப் பார்த்து நிற்கும் குட்டிப் பையனை நினைவிருக்கிறதா? கேரி கஃபி. அவனையே கூட்டிவந்து இதில் வேற்றுக்கிரகப் பையனாக நடிக்க வைத்தார்கள்.

ஆனால் கூட்டிவந்து என்ன செய்தார்கள் என்பதில்தான் அண்ணனோடு எனக்கு உடன்பாடில்லை.

ஸ்பீல்பெர்க் படத்தில் கஃபிக்கு ஏறக்குறைய நான்கு வயது. நடிக்கச் சொன்னால் நடிக்கும் வயதில்லை. சமையலறைக் காட்சியில் அவன் முகத்தில் முதலில் திகைப்பும் அப்புறம் சிரிப்பும் வரவேண்டும். அதற்காக ஒருவருக்குக் கோமாளி வேடமும் இன்னொருவருக்கு கொரில்லா வேடமும் போட்டு, காமிராவுக்குப் பக்கத்தில் மறைத்து வைத்தார்கள். இரண்டு பேரும் திடீரென்று வெளிப்பட்டதும் பையன் மிரண்டுபோனான். உடனே கொரில்லா முகமூடியைக் கழற்றினார். பார்த்தால், தினமும் அவனோடு பழகிய ஒப்பனைக்காரர். பையன் முகம் மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் வேற்றுக்கிரகவாசிகளைப் பார்த்து ஒரு குழந்தை சிரிப்பதாக உலகம் பார்த்தது.

ஆக, அந்தப் படத்தில் கஃபி அதிசயத்தைப் பார்க்கிறவன். லூப்போ இதைத் திருப்பிப் போட்டார். இங்கே அவனேதான் அதிசயம். H7-25 என்று பெயர் சொல்கிறான். நான் வேறு கிரகத்துக்காரன் என்று ஒளிக்காமல் சொல்கிறான். அவனுக்கு எதிரே நிறுத்தப்பட்ட மனிதர் எதற்கும் அசராதவர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நியூனன் என்ற ஊர் முழுக்கப் பறக்கும் தட்டு பீதி. ஆளாளுக்குப் பார்த்தேன் என்கிறார்கள். பட் ஸ்பென்சர் நடிக்கும் ஷெரிஃப் ஹால் மட்டும் நம்பவில்லை. பையன் கண்ணெதிரே வித்தை காட்டியும் நம்பவில்லை. காணாமல் போன பையன், வீட்டில் தேடுவார்கள், கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த நம்பாமையை நான் மிகவும் மதிக்கிறேன். வேற்றுக்கிரகக் கதைகளில் பெரியவர்கள் பொதுவாக இரண்டு வகை. மெய்சிலிர்த்து நிற்பார்கள், இல்லாவிட்டால் துப்பாக்கியைத் தூக்குவார்கள். ஹால் இரண்டையும் செய்வதில்லை. அந்தப் பையன் எங்கிருந்து வந்தான் என்பதைவிட, இப்போது அவனுக்கு ஆள் துணை இல்லை என்பதுதான் அவர் கண்ணில் படுகிறது. நம்பாமலேயே அவனைக் காப்பாற்றுகிறார். நம்புகிற ஆளும் படத்தில் உண்டு. ராணுவத்தின் கேப்டன் பிரிக்ஸ். (ஜெர்மன் நடிகர் ரைமுண்ட் ஹார்ம்ஸ்டார்ஃப்.) அவருக்கு முதலிலிருந்தே முழு நம்பிக்கை. அதனால்தான் அவர் ஆபத்தானவர். பையனிடம் இருக்கும் ஒளிக்கருவி அவருக்கு வேண்டும். ஆளை அசையாமல் உறைய வைக்கும் அந்தக் கருவி கையில் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று கணக்குப் போடுகிறார்.

1978இன் கடைசி மாதங்களில் இத்தாலியிலேயே பறக்கும் தட்டு பார்த்ததாகச் செய்திகள் குவிந்தன. அட்ரியாட்டிக் கடலோர மீனவர்கள் கடலில் வினோத வெளிச்சங்களைக் கண்டதாகச் சொல்ல, பத்திரிகைகள் அதை விடாமல் எழுதின. அந்த ஜனங்கள் அடுத்த ஆண்டே தியேட்டரில் இப்படி ஒரு ஷெரிஃபைப் பார்த்தார்கள். படம் பிடித்த இடம் அமெரிக்கா. கதை நடக்கும் ஊரும் அமெரிக்கா. அந்த ஷெரிஃப் மட்டும் முழுக்க முழுக்க இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர்.

பட் ஸ்பென்சரின் சொந்தப் பெயர் கார்லோ பெடெர்சோலி. 1929இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். நடிகராவதற்கு முன்னால் நீச்சல் வீரர். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர் அவர்தான், 1950இல். ஹெல்சிங்கி, மெல்போர்ன் இரண்டு ஒலிம்பிக்கிலும் நீந்தினார். கௌபாய் படத்தில் நடிக்க வந்தபோது அமெரிக்கப் பெயர் வேண்டியிருந்தது. பட்வைசர் பீரிலிருந்து பாதி, தனக்குப் பிடித்த நடிகர் ஸ்பென்சர் ட்ரேஸியிடமிருந்து பாதி எடுத்துக்கொண்டார்.

நீச்சல்காரர் என்பதை அவருடைய சண்டைகளில் பார்க்கலாம். கால் ஏறக்குறைய நகராது. எல்லா வேலையும் தோளுக்கும் கைக்கும்தான். எதிரிகள்தான் ஓடி ஓடி அவரிடம் வருவார்கள். ஒருவன் வயிற்றில் குத்துவான். ஒன்றும் ஆகாது. கையை உதறிக்கொண்டு குத்திய இடத்தையே பார்ப்பான். அவர் அவனை நிதானமாகப் பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் நாம் சிரிக்கத் தொடங்குவோம். அப்புறம் கையை மடக்கி, மேலிருந்து நேரே உச்சந்தலையில் ஒரே ஒரு குத்து, ஆணி அடிப்பது போல. வாங்கியவன் உடனே விழமாட்டான். ஒரு கணம் நிற்பான், கண் சுழலும், முழங்கால் மடியும், சரிவான். அதற்குள் அடுத்தவன் வந்திருப்பான். அவனுக்கு இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து கன்னத்தில்.

இந்தப் படத்தில் அடி வாங்குகிறவர்களில் ஒருவர் ஜோ பக்னர். பிரென்னன் என்ற பாத்திரம். நிஜ ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர். முகமது அலியோடு இரண்டு முறை மோதியவர். 1975இல் கோலாலம்பூரில் பதினைந்து சுற்றும் அலிக்கு எதிரே நின்றார், விழவில்லை. அலி வீழ்த்த முடியாத மனிதர் இங்கே ஒரு குண்டு ஷெரிஃபிடம் அடி வாங்கிச் சுருண்டு விழுகிறார். இதை அன்றைய ரசிகர்கள் எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விழத் தெரிவதும் ஒரு கலை. பக்னர் அதை மனமுவந்து செய்திருக்கிறார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த அடிகளைக் குழந்தைக்குக் காட்டலாமா? என் பதில், காட்டலாம். ஏன் என்று சொல்கிறேன்.

அடுத்த தடவை பார்க்கும்போது ஏதாவது ஒரு சண்டையில் ஒலியை அணைத்துவிடுங்கள். கை கன்னத்தைத் தொடுவதே இல்லை என்பது தெரிந்துவிடும். ஒருவன் கையை வீசுகிறான், இன்னொருவன் பறக்கிறான், இருவருக்கும் நடுவே காற்று. நம்மைச் சிரிக்க வைக்கும் அந்த 'டப்' என்ற சத்தம் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்தது. நிஜமான அறை அப்படி ஒலிக்காது. இது இத்தாலியர்களுக்கு நானூறு ஆண்டுப் பழக்கம். அவர்களுடைய பழைய முகமூடி நாடகங்களில் ஆர்லெக்கினோ என்ற விதூஷகன் கையில் பாத்தோக்கியோ என்று ஒரு கட்டை இருக்கும். இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்துச் செய்தது. ஓங்கினால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிய சத்தம் வரும், அடிபட்டவனுக்கு வலிக்காது. நேப்பிள்ஸ் தெருக்களில் நடக்கும் புல்சினெல்லா கைப்பொம்மை ஆட்டத்திலும் அப்படித்தான். புல்சினெல்லா தடியை எடுத்து நாயை அடிப்பான், ரவுடியை அடிப்பான், தூக்குப்போட வந்தவனை அடிப்பான், கடைசியில் சாவையே அடிப்பான். தடி தாளத்தோடு விழும். பிள்ளைகள் கத்திக் கூத்தாடுவார்கள். பட் ஸ்பென்சர் அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொம்மை மேடைதான் தெரிகிறது. அதே தாளம், அதே பொறுமை, அதிகாரத்தின் மண்டையில் விழும் அதே தட்டு.

இதை அன்றைய இத்தாலியோடு சேர்த்தும் பார்க்கவேண்டும். 1978 மார்ச்சில் முன்னாள் பிரதமர் அல்டோ மோரோ ரோமில் பட்டப்பகலில் கடத்தப்பட்டார். மே மாதம் ஒரு காரின் பின்பக்கத்தில் அவர் உடல் கிடந்தது. குண்டுவெடிப்பு, காலில் சுடுவது, ஆள்கடத்தல் என்று செய்திகள் ஓயாத வருடங்கள் அவை. சினிமாவிலும் துப்பாக்கியும் ரத்தமும் நிறைந்த போலீஸ் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போக ஒரு படம் வேண்டுமானால், அது பட் ஸ்பென்சர் படமாகத்தான் இருந்தது. யாரும் சாவதில்லை. ரத்தம் இல்லை. அடிபட்டவன் அடுத்த காட்சியில் எழுந்து வருவான். துப்பாக்கி வைத்திருப்பவன் எப்போதும் தோற்பான். இதையெல்லாம் விவரமில்லாமல் செய்ததாக நான் நினைக்கவில்லை. சக நடிகர் டெரன்ஸ் ஹில்லோடு சேர்ந்து நடித்த 'தே கால் மி ட்ரினிட்டி' (1970) காலத்திலிருந்தே, கௌபாய் படத்தின் கொலைகளைக் கைகலப்பாக மாற்றியதுதான் இவர்கள் கண்ட வழி.

ஒரே ஒரு விஷயத்தை மகனோடு பேசிவிடுங்கள். இந்தப் படங்களில் அடிக்குப் பின்விளைவு கிடையாது. நிஜத்தில் உண்டு. எட்டு வயதுப் பையனுக்கு இது புரியும். ஒலியை அணைத்துக் காட்டினால் இன்னும் நன்றாகப் புரியும். சண்டை எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை அடிதடியில் மயங்கமாட்டான்.

வாயசைவு பற்றி. இத்தாலியில் அன்றைக்குப் பெரும்பாலான படங்களுக்குக் குரலை அப்புறம்தான் பதிவு செய்தார்கள். பல நாட்டு நடிகர்கள் சேர்ந்து நடிப்பார்கள். எந்த நாட்டில் ஓடுகிறதோ அந்த மொழிக்கு ஒரு பதிவு. பட் ஸ்பென்சருக்கு நேப்பிள்ஸ் உச்சரிப்பு கனமாக இருந்ததால், இத்தாலியப் பதிப்புகளிலேயே பெரும்பாலும் க்ளாவ்கோ ஒனொராத்தோ என்ற நடிகர்தான் குரல் கொடுத்தார். இத்தாலியர்கள் பட் ஸ்பென்சரின் குரல் என்று நினைத்து வளர்ந்தது இன்னொருவருடைய குரலை. ஜெர்மன்காரர்கள் வசனத்தையே மாற்றி, மூலத்தில் இல்லாத கிண்டலையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பட் ஸ்பென்சருக்கு இருந்த செல்வாக்கு இத்தாலிக்குக் குறைந்ததல்ல. ஷ்வேபிஷ் க்முண்ட் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு நீச்சல் குளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இளம் வயதில் அவர் அங்கே போட்டியில் நீந்தியிருக்கிறார். புடாபெஸ்டில் அவருக்குச் சிலையே இருக்கிறது. வேறு வேறு மொழியில், வேறு வேறு குரலில் பேசியும் மனிதர் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நேசிக்கப்பட்டார் என்றால், அவர் பேசியது உடம்பால்தான். ஒட்டாத வாயசைவு எனக்கு உறுத்தவே இல்லை.

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. ராணுவம் முழுமூச்சாக இறங்கிய பிறகு துரத்தல்மேல் துரத்தலாக இழுக்கிறார்கள். அங்கே லூப்போவுக்குச் சொல்ல எதுவும் இல்லை. பையனும் ஷெரிஃபும் தனியாக இருக்கும் காட்சிகள்தான் படம். குய்தோ, மவுரீத்சியோ தெ ஆஞ்செலிஸ் சகோதரர்களின் துள்ளலான இசை தொய்வான இடங்களையும் ஓரளவு தூக்கிவிடுகிறது.

அடுத்து என்ன பார்க்கலாம் என்று மகன் கேட்பான். இதன் தொடர்ச்சி 1980இல் வந்தது, 'எவ்ரிதிங் ஹாப்பன்ஸ் டு மி'. அதே பையன், அதே ஷெரிஃப், அதே இயக்குநர். கொஞ்சம் இளைத்த படம். ஆனாலும் அவர்கள் இருவரும் சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அதைவிட நான் பரிந்துரைப்பது அதே ஆண்டு செர்ஜியோ கொர்புச்சி இயக்கிய 'சூப்பர் ஃபஸ்'. டெரன்ஸ் ஹில் புளோரிடாவில் ஒரு போலீஸ்காரர். அணுக்கதிர் பட்டு அபார சக்தி வந்துவிடுகிறது. சிவப்பு நிறத்தைப் பார்த்தால் மட்டும் சக்தி போய்விடும். இந்த ஒரே நிபந்தனையை வைத்துக்கொண்டு படம் முழுக்க விளையாடுகிறார்கள். எங்கே சிவப்பு வரப்போகிறது என்று உங்கள் மகன் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவான். அண்ணனையும் கூட உட்கார வையுங்கள்.

அன்புடன்.